நூற்றில் உன் பங்கு எவ்வளவு

மச்சான்,

உன் பெயருக்கு நேரே ஒரு மஞ்சள் துண்டை ஒட்டி என் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நிர்வாகப் பிரிவுச் சந்திராணியின் உருண்டைக் கையெழுத்தில், இங்கே கையொப்பம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நமக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்தாளோ என்னவோ, ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறாள். அம்பு உன் பெயரைத் தாண்டிப் போய், அதன் கீழே வெறுமையாகக் கிடக்கும் புள்ளிக்கோட்டில் குத்தி நிற்கிறது.

நீ போய்விட்டது நிர்வாகப் பிரிவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. உன் சாவு வீட்டுக்கு மலர்வளையம் அனுப்பியதே அவர்கள்தான். அதில் உன் பெயருக்குக் கீழே 'சிரேஷ்ட விரிவுரையாளர், தரம் இரண்டு' என்று மறக்காமல் எழுதியிருந்தார்கள். ஆள் போனாலும் தரம் கூடவே வரும் போலிருக்கிறதே என்று உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கூடச் சிரிக்க வேண்டிய ஆள் படுத்துக்கிடந்ததால், கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்துகிற மாதிரி சமாளித்தேன். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று பீடாதிபதியின் மனைவி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

விஷயம் இதுதான். நான் தரம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். "தரம் ஒண்ணுல ஒரே நெரிசல் மச்சான், இங்கதான் காத்து வருது" என்று வருஷா வருஷம் சொல்லியே என்னைப் பிடித்து உட்காரவைத்தவன் நீ. ஆனால் புதிய சுற்றுநிருபம் வந்திருக்கிறது. இனிமேல் கலாநிதிப் பட்டம் இல்லாதவர்களுக்கு மேலே போக வழியே கிடையாது. பழைய விதிப்படி விண்ணப்பிக்க இதுதான் கடைசித் தடவை. என் கலாநிதி ஆய்வேட்டைப் பற்றி உனக்குத் தெரியும். அதன் பாதி இப்போது எங்கள் வீட்டில் துணி அழுத்தும் மேசையின் ஒரு காலுக்குக் கீழே இருக்கிறது. மேசை ஆடுவதில்லை. அந்த ஆய்வால் சமூகத்துக்கு விளைந்த பயன் அதுதான்.

இந்தக் கதவும் மூடினால் நான் ஓய்வுபெறும் வரை இதே தரத்தில், இதே அறையில்தான். அறை ஞாபகமிருக்கிறதா? ஜன்னலைத் திறந்தால் ரப்பர் மரங்கள். ஒவ்வொன்றும் இடுப்பில் பால் வடியும் சிரட்டையைக் கட்டிக்கொண்டு, காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி வரிசையாக நிற்கும். பழைய துரை பங்களாவைச் சுற்றிக் கட்டிய கெம்பஸ் அல்லவா. மலைக்கு ஏறவும் இறங்கவும் ஒரே பாதை. மழை பலத்தால் அதிலும் மண் சரிந்து வழி அடைபடும். நம் பெற்றோர் தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று நம்மைப் படிக்கவைத்தார்கள். நாம் படித்து, பட்டம் வாங்கி, சால்வை போர்த்தி, நேரே இன்னொரு தோட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தோம்.

ஒரே நாள் காலையில் சேர்ந்தவர்கள் நாம். நீ தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டம், நான் கித்துல்கலப் பக்கம். தற்காலிக உதவி விரிவுரையாளர் என்ற கடிதத்தைப் பார்த்த உடனே நீ விளக்கம் சொன்னாய். "இது கொந்தரப்பு மச்சான், பேர் பதியாத கூலி. தகுதிகாண் விரிவுரையாளர்னா பேர் பதிஞ்ச ஆளு. சிரேஷ்ட விரிவுரையாளர் கங்காணி. அதுலயும் தரம் ரெண்டுன்னா கம்பில்லாத கங்காணி. பேராசிரியர்தான் தொரை." கணக்கப்பிள்ளை யார் என்று கேட்டேன். நிர்வாகப் பிரிவு என்றாய். அதற்குப் பிறகு எந்தப் பதவி உயர்வுச் சுற்றுநிருபத்தை எடுத்தாலும் எனக்கு அந்த ஏணிதான் தெரிகிறது.

மேலே போக என்ன வேண்டும் என்பதில் இரகசியம் ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்குப் புள்ளி, கற்பித்தலுக்குப் புள்ளி, நிறுவனத்துக்குச் செய்த சேவைக்குப் புள்ளி. ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் தாண்ட வேண்டும். கேன்டீன் குழுவில் உறுப்பினராக இருந்தால் புள்ளி உண்டு. அந்தக் கேன்டீனில் சாப்பிட்டு உயிரோடு இருப்பதற்கு இல்லையே என்று பீடக் கூட்டத்தில் நீ வருத்தப்பட்டாய். நமக்குத் தமிழ் தெரியும் என்பதற்காக நம் தலையில் விழுந்த வேலைகளுக்கும் எதுவும் கிடையாது. அறிவித்தல் எல்லாம் நாம்தான் மொழிபெயர்த்தோம். தோட்டத்துப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றோருக்குத் தொலைபேசி எடுப்பதும், வந்தவர்களை வைத்தியரிடம் கூட்டிப்போய்ச் சிங்களத்தில் பேசிவிடுவதும் நாம். குளியலறை வாசலில் தொங்கும் 'வழுக்கும், கவனம்' என்ற பலகை உன் படைப்பு. இந்த நிறுவனத்தில் அதிகம் பேர் வாசித்த தமிழ் எழுத்து அதுதான் என்று பீற்றிக்கொள்வாய்.

சேவையும் கற்பித்தலும் எப்படியோ தாண்டிவிட்டேன். ஆராய்ச்சிதான் இடித்தது. அங்கே எனக்கு எடை சேர்ப்பது ஒரே ஒரு கட்டுரை: வெளிநாட்டு ஆய்விதழில் நாம் இருவரும் எழுதியது. அதில் பெரும் பங்கு என் கணக்கில் வந்தால் தாண்டுவேன். வராவிட்டால் இல்லை.

தோட்டத்து லய வீடுகளில் குடும்பங்கள் எந்த மொழியில் சண்டை போடுகின்றன என்ற கட்டுரை. அப்படி ஒரு தலைப்பு உன்னைத் தவிர வேறு யாருக்குத் தோன்றும்? ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நீ தோட்டம் தோட்டமாக ஏறினாய். குடையும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன் நான். முதல் நாளே ஒரு மாமியாரும் மருமகளும் தண்ணீர்க் குழாயடியில் அருமையாகச் சண்டை போட்டார்கள். கருவியை நீ முடுக்க மறந்திருந்தாய். "யம்மா, கோச்சுக்காம மறுபடி மொதல்லேருந்து போடுறீங்களா?" என்று கேட்டாயே. மாமியார் யோசித்துவிட்டு, "மொதல்ல அவள ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டாவது தடவை போட்ட சண்டை இன்னும் நன்றாக இருந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு போட்டார்கள்.

தமிழில் தொடங்குகிற சண்டை, பொலிசில் சொல்வேன் என்கிற இடம் வந்ததும் சிங்களத்துக்கு மாறுகிறது. சமாதானத்துக்கு மறுபடி தமிழ். நாம் கண்டது அவ்வளவுதான். நீ பேசினாய், நான் ஆங்கிலத்தில் எழுதினேன். நான் எழுதியதை நீ அடித்தாய். நீ அடித்ததை நான் மறுபடி எழுதினேன். கட்டுரை வெளிவந்த அன்று கேன்டீனில் சீனி பணிஸ் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தோம்.

அன்றைக்கே போட்டிருக்க வேண்டிய கையொப்பம் இது. கூட்டாக எழுதிய கட்டுரை என்றால் ஒவ்வொருவரும் நூற்றில் தன் பங்கு எவ்வளவு என்று எழுத வேண்டும், அதன் கீழே எல்லாரும் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. படிவத்தை நான்தான் கொண்டுவந்தேன். நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "என்னா மச்சான் இது, சொத்துப் பிரிக்கிறாங்களா?" என்றாய். நீயே எழுது என்றேன். நீயே எழுது என்றாய்.

பிறகு சொன்னாய்: "தீவாளிக்கு ஆடு வெட்டுனா கூறு போடுறவன் என்னா செய்வான்? எல்லாரும் எடுத்தப்பறம் மிஞ்சுன கூறத்தான் அவன் எடுப்பான். நான் கூறு போட்டா நீ மொதல்ல எடுக்கணும். எடுப்பியா?" மாட்டேன் என்றேன். "நீ போட்டாலும் நான் எடுக்க மாட்டேன். அப்பறம் எதுக்கு இந்தக் கத்தி?"

அதோடு முடிந்தது. நம் இருவருக்குமே கடைசியாக எடுக்கிற ஆளாக இருக்க ஆசை. படிவம் மேசையில் கிடந்து, யாரோ அதன் மேல் பணிஸை வைத்து, எண்ணெய் ஊறி, துடைக்கிறவர் எடுத்துக்கொண்டு போனார். வேறு படிவம் வாங்கலாம் என்றோம். அடுத்த கிழமை என்றோம். அடுத்த விடுமுறை என்றோம். நீயோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழும்பவில்லை.

இப்போது கத்தி என் கையில் மட்டும்தான் இருக்கிறது. கூறு போடுகிறவனும் நானே, எடுக்கிறவனும் நானே. இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா?

சந்திராணி நல்லவள். கோப்பை எடுத்துக்கொண்டு போய் விளக்கினேன். "அனே சேர்" என்று கன்னத்தில் கை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில் வழி சொன்னாள். அவரின் நோனாவிடம் ஒரு கையொப்பம் வாங்கி வாருங்கள், வாரிசு என்று போட்டுக்கொள்ளலாம். அது முடியாவிட்டால் நீங்களே ஒரு மாதிரி கிறுக்கி விடுங்கள், மேலே யாரும் பார்ப்பதில்லை. அவள் கிறுக்கி என்றபோது நீ போடும் கையொப்பம் என் கண்முன் வந்தது. சேவல் குப்பையைக் கிளறிய மாதிரி இருக்கும். எனக்கு அது நன்றாகவே போட வரும். வருகைப் பதிவில் உனக்காக எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். ஆனால் அது நீ பாதி வழியில் பஸ்ஸில் இருந்தபோது. இது வேறு.

துறைத் தலைவியிடம் போனேன். யார் தெரியுமா? நம் நிலந்திதான். உன் பாடத்தில் சி வாங்கிவிட்டு வராந்தாவில் நின்று அழுதாளே, அவளேதான். வெளிநாடு போய்க் கலாநிதியாகி வந்து, இப்போது நம் துறையின் கதிரையில் இருக்கிறாள். நான் அறைக்குள் நுழைந்தால் இன்னும் எழுந்து நிற்கிறாள். அதனால் அவளை வெறுக்கவும் முடியவில்லை. அவள் சொன்ன வழி சுத்தமாக இருந்தது. அவர் தரவு சேகரித்தார், நீங்கள் எழுதினீர்கள். சேகரிப்புக்குப் பத்து, எழுத்துக்குத் தொண்ணூறு. நான் துறைத் தலைவியாக உறுதிப்படுத்திக் கையொப்பமிடுகிறேன் சேர், அவர் ஒன்றும் ஆட்சேபிக்கப் போவதில்லை.

ஆட்சேபிக்கப் போவதில்லைதான். உயிரோடிருந்தாலும் ஆட்சேபித்திருக்க மாட்டாய். அதுதான் என்னைக் கொன்றது.

கடைசியில் தெரணியகலைக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க வசனம் பாடமாக்கினேன். வாசலில் உன் மனைவியைக் கண்டதும் எல்லாம் மறந்து, கூரையைப் பார்த்து, மழை ஒழுகுதா தங்கச்சி என்று கேட்டேன். ஒழுகவில்லை. பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டித் துண்டும் வைத்தாள். பாடசாலைக் கதை, அதிபர் கதை, பக்கத்து வீட்டு ஓட்டோக்காரர் இரண்டாம் கலியாணம் செய்த கதை எல்லாம் சொன்னாள். அந்தக் கடைசிக் கதை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. நேரில் சொல்ல வேண்டிய கதை, எழுத்தில் சுவை போதாது. நான் மறுபடி கூரையைப் பார்த்தேன்.

"அண்ணே, என்னமோ கேக்க வந்திருக்கீங்க" என்றாள். "அவரும் இப்புடித்தான். எதாச்சும் கேக்கணும்னா மேல பாப்பாரு."

சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டாள்.

"எங்க போடணும்? பூராவும் ஒங்க பேர்லயே எழுதிருங்கண்ணே. அவருக்கு இனிமே எந்தத் தரம் கெடைச்சு என்னா ஆகப்போகுது." பேனாவை நீட்டிவிட்டேன். அவள் வாங்கி மூடியைத் திறந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தப் பேப்பர்லேருந்து அவரு பேர எடுத்துற மாட்டாங்களே?"

பேர் இருக்கும், பங்குதான் இருக்காது என்றேன்.

"அப்ப சரி. பேரு விழுந்தா போதும்."

பேர் விழுவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? பேர் விழுந்தால்தான் தோட்டத்தில் அன்றைய கூலி. பால் நிறை குறைந்தால் அரைப்பேர். மழைக்கு நடுவில் திரும்பினாலும் அரைப்பேர். நாள் முழுக்கப் பால் வெட்டியும் கணக்குத் துண்டில் பேர் விழாத அன்று என் அம்மா பெரட்டுக் களத்தில் நின்று கங்காணியிடம் கத்தியது பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டது. கூட்டாளிகள் முன்னால் எனக்கு மானம் போனது. அம்மாவுக்குப் பேர் விழுந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன், வேலை செய்த ஆளுக்கு வேலை இல்லை என்று எழுதி, அதில் அவன் மனைவியின் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவதா?

பேனா எழுதவில்லை தங்கச்சி என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் ஆசிரியை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலமாரியில் ஒரு டின் நிறையப் பேனா இருந்தது. அவள் அந்த டின்னையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். உள்ளே போய் உன் மரணச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். எங்கே போனாலும் இதைத்தான் கேட்கிறார்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நிறப் பேனாக்களோடு கட்டுரையை விரித்தேன். உன் வரிகளுக்குச் சிவப்பு, என் வரிகளுக்கு நீலம். கணக்கு நேர்மையாக இருக்கட்டுமே. அலுப்பூட்டுகிற வரியெல்லாம் என்னுடையது என்று நீலத்தைத் தாராளமாகப் பூசினேன். முதற் பக்கம் முடிவதற்குள் சிக்கிக்கொண்டேன். 'கோபம் வீட்டு மொழியில் பிறக்கிறது, மிரட்டலோ அரசாங்கத்தின் மொழியைக் கடன் வாங்குகிறது' என்று ஒரு வரி. அது யாருடையது மச்சான்? நீ பஸ்ஸில் சொன்னதா, நான் எழுதி நீ அடித்ததா, நீ அடித்ததை நான் திருட்டுத்தனமாகத் திரும்பச் சேர்த்ததா? சிவப்பின் மேல் நீலம் அடித்தேன். பிறகு நீலத்தின் மேல் சிவப்பு. பக்கம் கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. என் மனைவி எட்டிப் பார்த்து, சின்னப்பிள்ளை வீட்டுப்பாடமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

படிவத்தை நிரப்பினேன். முதலில் உன் கூறு: ஐம்பது. மிஞ்சியது எனக்கு. ஐம்பது சரியான கணக்கா என்று கேட்டால் தெரியாது. எங்கே வெட்டுவது என்று தெரியாதவன் கத்தியை நடுவில்தானே வைப்பான். உன் கையொப்பத்தின் இடத்தில் சான்றிதழின் பிரதியைக் குத்திக் கொடுத்தேன்.

நேர்முகப் பரீட்சை துரை பங்களாவின் பழைய சாப்பாட்டு அறையில். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் கட்டுரையை உண்மையாகவே வாசித்திருந்தார். தண்ணீர்க் குழாயடிச் சண்டை தனக்குப் பிடித்தது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்கள் நண்பர் இங்கே இருந்தால் தன் பங்கு எவ்வளவு என்று சொல்வார்?"

"ஒன்றுமில்லை என்பார், சேர்."

அவர் முன்னால் சாய்ந்தார். எனக்காக ஒரு கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதே விளங்கியது. "அப்படியானால் முழுவதும் உங்களுடையது என்று குறித்துக்கொள்ளலாமா?"

உள்ளே போவதற்கு ஓர் 'ஆம்' போதும். அதுகூட வேண்டாம், தலையை ஆட்டினாலே போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னைக் கேட்டால் நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன், சேர்." அறையே சிரித்தது. தேர்வுக்குழுத் தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, யாரும் எழுதாத கட்டுரைக்குப் புள்ளி போட விதியில் இடமில்லையே என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைவிட நன்றாகச் சிரித்தவர் அந்த அறையில் இல்லை.

முடிவு கடிதமாக வந்தது. ஆராய்ச்சிப் பிரிவில் போதிய புள்ளிகள் இல்லை. கோபப்பட யாராவது கிடைப்பார்களா என்று தேடிப் பார்த்தேன். யாருமில்லை. விதி ஒழுங்காகத்தான் நடந்தது, எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். வெளியே மரங்கள் சிரட்டையோடு நின்றன. நானும் என் கதிரையில் இருந்தேன்.

நேற்று நிலந்தி என் அறைக்கு வந்தாள். நம் ஆய்வைத் தொடரலாம் என்கிறாள். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து தொலைபேசியில் சண்டை போடுகிறார்கள், அது எந்த மொழியில் என்று பார்க்கலாம் சேர் என்றாள். நல்ல யோசனை. நீ பொறாமைப்படுவாய். பேராசிரியர் பதவிக்கு அவளுக்கு அந்தக் கட்டுரை தேவைப்படும். பேசிக்கொண்டே கோப்பைத் திறந்து பங்குப் படிவத்தை மேசையில் வைத்தாள். முதலில் இதை முடித்துவிடுவோம், பிறகு வேலையைத் தொடங்கலாம் என்றாள். என் கதையிலிருந்து பாடம் படித்திருக்கிறாள். அவளைப் பிழை சொல்ல முடியாது.

நீங்களே எழுதுங்கள் என்று அவள் பக்கம் தள்ளினேன். இல்லை சேர், நீங்கள் சொல்லுங்கள் என்று திருப்பித் தள்ளினாள். படிவம் மேசையில் போய் வந்தது. இன்னும் ஒரு தடவை தள்ளியிருந்தால் அடுத்த கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன், வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது. நான் மீன் வாங்கப் போன இடத்தில் உட்கார்ந்துவிட்டால், பாவம், அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, என் மனைவிக்கு முன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

எழுதினேன். அவள் பங்கை முதலில். மிச்சம் எனக்கு. கையொப்பமும் போட்டேன். ஒரு வரி எழுதவில்லை, ஒரு சண்டை கேட்கவில்லை, அதற்குள் எல்லாம் பிரித்தாகிவிட்டது. அவள் நன்றி சொல்லிவிட்டுக் கோப்போடு போனாள். நான் கதவைச் சாத்திவிட்டு, யாரோ பார்த்துவிட்ட மாதிரி, காது சூடாக உட்கார்ந்திருந்தேன். செய்த வேலைக்குப் பங்கு கேட்பதில் இருக்கிற இந்த வெட்கம், மச்சான், புண்ணியமும் இல்லை, கெட்டித்தனமும் இல்லை. இதனால்தான் இந்த மலையிலிருந்து நான் இறங்காமல் கிடக்கிறேன். இருந்தாலும் அதை எங்கேயும் கழற்றி வைக்க முடியவில்லை. அதில் பாதி உன்னுடையது. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை.